பற்று வரவு

அத்தைக்கு முதலில் வந்தது வாய்ப்புண். நிலக்கோட்டையில் பூக்கட்டிப் பிழைத்தவள். விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் அரும்பு எடுத்து வந்தால் உச்சிக்குள் முப்பது முழம் கட்டிவிடுவாள். அதன்பிறகுதான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் வாய் வைக்க முடியாமல் போயிற்று. மிளகாயை விட்டாள், புளியை விட்டாள், கடைசியில் உப்பும் எரிந்தது. சத்துக் குறைவு என்று ஓரிடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். உடம்புச் சூடு என்று இன்னோரிடத்தில் சொன்னார்கள். ஆறு மாதம் இப்படியே போனது. பிறகு முதுகில் ஒரு கொப்புளம் எழுந்தது. தெளிந்த நீர் நிரம்பி, நடந்தால் தளும்புகிற, மெலிந்த தோல் மூடிய கொப்புளம். உடைந்த இடம் ஆறவேயில்லை. பத்துப் பதினைந்து நாளில் முதுகு, மார்பு, தொடை என்று எங்கும் பச்சைப் புண்.

அரசு மருத்துவமனையின் தோல் வார்டில் டாக்டர் கொப்புளத்தைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில், நன்றாக இருப்பதாக நாங்கள் நினைத்த தோலில், கட்டைவிரலை வைத்து லேசாகத் தள்ளினார். ஆறிய பாலின்மேல் ஏடு விலகுவதுபோல் தோல் விலகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்த ரஷ்ய மருத்துவர் நிகோல்ஸ்கியின் பெயரால் இந்தச் சோதனை அழைக்கப்படுகிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். சீட்டில் ‘பெம்ஃபிகஸ் வல்காரிஸ்’ என்று எழுதினார்.

அன்று மாலையிலிருந்து வாழையிலை வாங்கி வருவது என் வேலை. துணியில் படுத்தால் புண்ணோடு துணி ஒட்டிக்கொள்ளும். புரண்டால் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். வாழையிலை ஒட்டாது. “நடு நரம்பச் சீவிருங்க தம்பி, முதுகுல குத்தும்” என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். பிளேடால் நரம்பைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாகப் பரப்பி, தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் அத்தையைக் கிடத்துவோம். விடிவதற்குள் இலை வெதும்பிக் கறுத்திருக்கும். மறுபடி புது இலை. வாழைநாரை நனைத்துப் பிரித்து, இரண்டு பக்கமும் பூ வைத்துச் சுருக்குப் போட்டே காலம் கழித்தவள். அவள் போட்ட சுருக்கு இரவுவரை நழுவாது. “ஒட்ட வேண்டியது ஒட்டல. ஒட்டாததுல படுத்துக் கெடக்கேன்யா” என்றாள் ஒருநாள்.

அப்போது நான் விலங்கியல் மாணவன். செல் என்றால் எனக்குப் பாடப்புத்தகத்துச் செங்கல். செங்கல்லுக்கு நடுவே ஏதோ ஒரு சுண்ணாம்புச் சாந்து இருக்கும், அத்தைக்கு அந்தச் சாந்து உதிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உடம்பில் அப்படி ஒரு சாந்து இல்லை என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

*

செல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற கேள்விக்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1907இல் வட கரோலினாவைச் சேர்ந்த எச். வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். அதன் செல்கள் கலங்கல் நீர்போலத் தனித்தனியாகப் பிரிந்து அடியில் படிந்தன. படிந்தவை சும்மா கிடக்கவில்லை. ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, சில நாட்களில் மறுபடி கடற்பஞ்சாகின. சாந்து உதிர்ந்தால் சுவர் தானாக எழும்பாது. செல்கள் எழும்பின. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று அவற்றிடமே இருந்தது.

அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க இன்னும் எழுபது வருடம் தேவைப்பட்டது. கண்டுபிடித்தவர் மசாத்தோஷி தாகெய்ச்சி என்ற ஜப்பானியர். கியோட்டோவில் அவர் டிரிப்சின் என்ற செரிமான நொதியைக் கொண்டு செல்களைப் பிரிப்பார். பிரிந்த செல்களைக் குலுக்கினால் மறுபடி விரைவில் கூடிக்கொள்ளும். 1970களின் நடுவில் அமெரிக்காவில் பால்டிமோரில் இருந்த கார்னகி ஆய்வகத்துக்குப் போய் அதே வேலையைச் செய்தார். அங்கே பிரிந்த செல்கள் கூடவில்லை. ஏன் என்று துருவிப் பார்த்தபோது, அந்த ஆய்வகத்து டிரிப்சின் கரைசலில் இடிடிஏ என்ற பொருள் கலந்திருந்தது தெரிந்தது. இடிடிஏ கால்சியத்தைக் கவ்வி எடுத்துவிடும். கால்சியம் இருக்கும்போது செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் விறைத்து நிற்கிறது, டிரிப்சினால் அதைக் கடிக்க முடியவில்லை. கால்சியம் போனால் அது துவண்டுவிடுகிறது, டிரிப்சின் அதை அறுத்துவிடுகிறது. இரண்டு ஊர்க் கரைசல்களுக்கு இடையிலிருந்த இந்தச் சிறிய வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் 1977இல் அந்தப் பிடிமானத்தை விவரித்தார். 1984இல் அதற்குக் கேட்ஹீரின் என்று பெயர் வைத்தார்.

கேட்ஹீரின் செல்லின் கை. பக்கத்துச் செல்லின் கேட்ஹீரினை வெளியே பற்றுகிறது. செல்லுக்குள்ளே எலும்புக்கூடுபோல ஓடும் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்துச் செல்லைப் பற்ற இந்தக் கை என்றால், கீழே இருக்கும் தளத்தைப் பற்ற இன்னொரு கை உண்டு. அது இன்டெக்ரின். 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு அந்தப் பெயரைக் கொடுத்தது. மனித உடம்பில் 18 வகை ஆல்ஃபாக்களும் 8 வகை பீட்டாக்களும் ஜோடி சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்கள் ஆகின்றன. கேட்ஹீரின் உறவைப் பற்றுகிறது, இன்டெக்ரின் நிலத்தைப் பற்றுகிறது. இந்த இரண்டு கைகளையும் கொண்டுதான் உடம்பு உடம்பாக நிற்கிறது.

இத்துடன் நின்றிருந்தால் சாந்துக்குப் பதில் கை என்று ஒரு சொல்லை மாற்றிய கதையாகத்தான் முடிந்திருக்கும். ஆனால் கை என்றால் எடுக்கவும் வேண்டுமே.

*

பற்றிய கையை எடுப்பதற்கு நம் மொழியில் உள்ள சொல் கைவிடுதல். அதில் துயரமும் குற்றமும் ஏறிக் கிடக்கின்றன. செல் செய்வது அதுவல்ல. செல் தன் கையை விழுங்குகிறது.

விழுங்குவதை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு கொசுவின் முட்டை. 1964இல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் என்ற இருவர் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் வளரும் முட்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரத்தம் குடித்த சில மணி நேரத்தில் முட்டையின் மேற்பரப்பெங்கும் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. எண்ணிக்கையோ குடிப்பதற்கு முன் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு. பள்ளத்தின் உட்பக்கம் தூரிகை மயிர்போல ஒரு பூச்சு. பள்ளம் ஆழமாகி, வாய் குறுகி, அறுந்து, ஒரு குமிழாகச் செல்லுக்குள் போய்விடுகிறது. மேற்பரப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் கருப் புரதம் அதனுடன் உள்ளே போகிறது. 1969இல் கானசெக்கி, கடோட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பூச்சை உற்றுப் பார்த்து, அது ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பின்னிய கூடை என்றார்கள். 1976இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் அந்தக் கூடையின் பிரம்பைப் பிரித்தெடுத்துக் கிளாத்ரின் என்று பெயரிட்டார்.

கூடையின் கழுத்தை அறுக்கவும் ஒன்று வேண்டும். அது ஒரு பழ ஈயிடம் கிடைத்தது. ஷிபிரே என்ற ஈ வகை. ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல் என்று பொருள். சாதாரண வெயிலில் நன்றாகப் பறக்கும்; 29 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஓரிரு நிமிடத்தில் அசைவற்று விழும்; குளிர்ந்தால் எழுந்து நடக்கும். சூட்டில் அதன் நரம்பு செல்களில் பள்ளங்கள் உருவாகிக்கொண்டே போகின்றன, ஆனால் எதுவும் அறுந்து உள்ளே போவதில்லை. 1991இல் அந்த ஈயில் பழுதான மரபணு டைனமின் என்ற புரதத்துக்கு உரியது என்று தெரிந்தது. டைனமின் குமிழின் கழுத்தில் சுருளாகச் சுற்றி இறுக்கி அறுக்கும். அத்தையின் நார்ச் சுருக்கு கட்டி வைக்கும்; இந்தச் சுருக்கு பிரித்து உள்ளே அனுப்பும்.

*

இந்த விழுங்கல் உணவுக்கானது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கொலஸ்டிராலைச் செல் எப்படி உள்ளே எடுக்கிறது என்பதைக் காட்டி பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1989இல் கேம்பிரிட்ஜில் மார்க் பிரெட்ச்சர் இன்னொன்றைக் கவனித்தார். எலி இனத்துச் செல்களில், தளத்தைப் பற்றும் இன்டெக்ரினே ஓயாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அது எதையும் தின்னக் கொண்டுபோகவில்லை. கையே போய்க் கையே திரும்புகிறது.

ஒரு தோல் செல்லோ இணைப்புத் திசு செல்லோ கண்ணாடித் தட்டில் நகர்வதைப் பார்த்தால் இது எதற்கென்று விளங்கும். முன்பக்கம் மெல்லிய ஓரம் விரிகிறது. அங்கே இன்டெக்ரின்கள் கொத்தாகக் கூடித் தளத்தைக் கவ்வுகின்றன. குறுகிய கோடுகளாக, ஒளிரும் சாயமிட்டால் தீக்குச்சி கிழித்த தடம்போலத் தெரியும். அந்தப் பிடியில் காலூன்றிச் செல் தன் உடலை இழுக்கிறது. பின்பக்கத்துப் பிடி விடாவிட்டால் அது நகர முடியாது. இழுத்துக்கொண்டே போய் வால் கிழிந்து, ஒரு துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் செல்களும் உண்டு. எனவே பழைய பிடியை அவிழ்க்க வேண்டும். செல்லுக்குள் நுண்குழல்கள் என்று சில தண்டவாளங்கள் வளர்கின்றன. அவை தேடிப் போய்ப் பிடிமானக் கொத்தைத் தொடுகின்றன; தொட்ட சிறிது நேரத்தில் கொத்து கரைகிறது. 2005இல் நியூயார்க்கில் கிரெக் குண்டர்சனின் ஆய்வகம் இதைச் சோதித்தது. நுண்குழல்களை மருந்தால் கலைத்துவிட்டு, மறுபடி வளரவிட்டார்கள். வளர்ந்ததும் கொத்துகள் மறைந்தன. டைனமினை முடக்கிவிட்டு அதையே செய்தபோது, குழல்கள் வந்து தொட்டும் பிடி அவிழவில்லை. பழ ஈயைச் சாய்க்கும் அதே சுருக்குத்தான் இங்கே காலைத் தூக்கிவிடுகிறது.

உள்ளே போன கைக்கு என்ன ஆகிறது? இங்கேதான் என் செங்கல் படம் முழுதாக உடைந்தது. குமிழ்கள் ஒரு பிரிப்பு அறைக்குப் போய்ச் சேர்கின்றன. அதற்கு எண்டோசோம் என்று பெயர். அங்கிருந்து மூன்று வழி. உடனே பக்கத்து வாசல் வழியாக மேற்பரப்புக்குத் திரும்பலாம். செல்லின் நடுப்பகுதிவரை போய்ச் சுற்றிக்கொண்டு, வேறொரு பக்கத்தில், பெரும்பாலும் முன்னோரத்தில், மறுபடி முளைக்கலாம். இல்லையென்றால் லைசோசோம் என்ற உலைக்குப் போய்ச் சிதைந்துபோகலாம். பல செல்களில் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை உள்ளே போய் வருகிறது. அதில் பாதி சிதைந்துபோகவோ 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அழிவதற்குள் ஒரே கை பலமுறை போய் வந்துவிடுகிறது. 2012இல், உள்ளே போன இன்டெக்ரினின் வாலைப் பிடித்து உலையிலிருந்து விலக்கி வெளியே திருப்பும் ஒரு புரதம் அடையாளம் காணப்பட்டது. எஸ்என்எக்ஸ்17 என்று அதற்குப் பெயர். அது இல்லாவிட்டால் திரும்ப வேண்டிய கைகள் உலைக்குப் போய்விடுகின்றன, மேற்பரப்பில் பிடி குறைகிறது.

தமிழில் கணக்குப் புத்தகத்துக்குப் பற்று வரவு என்று பெயர். கையிலிருந்து எடுத்ததற்குப் பற்று என்றும் வந்ததற்கு வரவு என்றும் எழுதுகிறோம். பிடித்துக்கொள்வதற்கும் பாசத்துக்கும் அதே சொல் பற்று. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எப்படிக் கூடின என்று நான் யோசித்ததுண்டு. செல்லைப் பார்த்தபின் அது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. செல்லின் பற்று ஒரு முறை போட்ட முடிச்சு அன்று. ஒவ்வொரு நிமிடமும் எடுத்ததையும் வைத்ததையும் எழுதிப் பார்க்கும் கணக்கு அது. இறுகப் பற்ற வேண்டுமானால் வரவை ஏற்றும், தளர்த்த வேண்டுமானால் எடுப்பை ஏற்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர்போல அசையாமல் தெரியும். உள்ளே ஒரு கைகூட ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை.

*

கேட்ஹீரினுக்கும் இதுதான் கதை என்று 1999இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தெரியவந்தது. நாயின் சிறுநீரகச் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு தளமாக அமைந்திருக்கும்போதும், ஒரு பங்கு கேட்ஹீரின் எப்போதும் உள்ளே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அருகில் ஒரு காவலும் இருக்கிறது. பி120 என்ற புரதம் கேட்ஹீரினின் வாலில், ‘என்னை விழுங்கு’ என்று எழுதியிருக்கும் இடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வகங்கள் பி120ஐ அகற்றிப் பார்த்தன. கேட்ஹீரின் விழுங்கப்பட்டு மறைந்தது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு புரதம் அடையாளம் காணப்பட்டது. கேட்ஹீரினுக்கு அழிவு முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதற்கு வைத்த பெயர் ஹகாய். ஜப்பானிய மொழியில் அழித்தல்.

விழுங்கினால் பிடி தளரும் என்பது எளிதில் புரிகிறது. விழுங்காவிட்டாலும் பிடி தளரும் என்பதை ஒரு மீன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வரிக்குதிரை மீனின் கருவில், முதல் நாளின் சில மணி நேரத்துக்குள், தலையும் உடலும் ஆகப்போகும் செல்கள் கூட்டமாக உள்நோக்கி நகர்கின்றன. 2005இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் அந்த நகர்வை ஆராய்ந்தவர்கள், விழுங்கலுக்குத் தேவையான ராப்5 என்ற புரதத்தைக் கருவில் முடக்கினார்கள். கேட்ஹீரின் உள்ளே போவது குறைந்தது. கைகள் எல்லாம் வெளியே இருப்பதால் கூட்டம் இன்னும் இறுகியிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கே கூட்டம் நெகிழ்ந்தது. நகரும் கூட்டத்தில் நேற்றைய பக்கத்துவீட்டுக்காரர் இன்று பக்கத்தில் இல்லை. பழைய இடத்துக் கையை மடக்கினால்தான் புதிய இடத்தில் நீட்ட முடியும். உள்ளே எடுக்கத் தெரியாத செல்லுக்குச் சேர்ந்திருக்கவும் தெரியவில்லை.

இதைப் படித்த அன்று வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நம் மரபில் இரண்டு பேச்சுகள் உண்டு. பற்றிக்கொள், விடாதே என்பது ஒன்று. பற்றை அறு என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவே, பற்றை உள்ளே வாங்கித் துடைத்து மறுபடி நீட்டு என்று சொல்லும் மூன்றாவது வழி ஒன்று நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நாம் சொல்லிக்கொள்ளவில்லை. கூடிவாழும் வீட்டில் அவ்வப்போது தனியே போய் உட்கார்ந்து திரும்பும் ஒருவரைக் கோபக்காரர் என்கிறோம். அவர் கையைக் கைவிடவில்லை, மடக்கியிருக்கிறார் என்று பார்க்க நமக்குப் பழக்கமில்லை.

*

கணக்கை வெளியிலிருந்து யாராவது எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நோய்கள் காட்டுகின்றன.

நமக்கு ஆண்டுதோறும் தெரிந்த ஒன்று டெங்கு. அந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவதும் ஏடிஸ் எஜிப்டிதான். விழுங்கலை உலகுக்குக் காட்டிய அதே கொசு. இரத்தக் குழாயின் உட்சுவர் செல்களும் ஒருவகைக் கேட்ஹீரினால் கைகோத்திருக்கின்றன. வீக்கமோ காயமோ ஏற்பட்டால் உடம்பே அந்தக் கையைச் சிறிது உள்ளிழுத்து, நீரும் வெள்ளணுக்களும் வெளியே போக வழிவிடும். விஇஜிஎஃப் என்ற சமிக்ஞை புரதம் இதை எப்படிச் செய்கிறது, அது வந்ததும் கேட்ஹீரினின் வாலில் எந்த இடத்தில் குறி விழுகிறது, கிளாத்ரின் கூடை எப்படி அதை அள்ளுகிறது என்பதெல்லாம் 2006இல் படிப்படியாக விளக்கப்பட்டது. டெங்கு வைரஸ் சுரக்கும் என்எஸ்1 என்ற புரதம் நேரடியாகவே குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் என்று 2015இல் காட்டினார்கள். செல்களின் மேலிருக்கும் சர்க்கரைப் போர்வையை அது அரிக்கிறது. கேட்ஹீரின் கைகளையும் அவற்றின் இடத்திலிருந்து விலக்குகிறது. நாம் தட்டணு எண்ணிக்கையை மட்டும் தினமும் விசாரிக்கிறோம். காய்ச்சல் விட்டபிறகு வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து. இரத்தம் குழாயிலிருந்து நீரை இழந்து கெட்டிப்படுகிறதா என்று டாக்டர்கள் அப்போது பார்ப்பது இந்தக் கைகள் விட்டுப்போன அளவைத்தான்.

அத்தையின் நோயில் கணக்கில் கைவைத்தது அவள் உடம்பே. அந்த நோயாளிகளின் இரத்தத்தில் சொந்தத் தோலுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதை 1964இல் கண்டார்கள். 1991இல் அமாகாயும் ஸ்டான்லியும் அவை பற்றும் இலக்கு எது என்று காட்டினார்கள்: டெஸ்மோக்ளீன் 3. கேட்ஹீரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் செல்களுக்கு நடுவே பொத்தான்போல இருக்கும் டெஸ்மோசோம் என்ற இறுகிய பிடிப்புகளில் அது ஒரு கை. எதிர்ப்புப் புரதம் இந்தக் கையில் போய் உட்கார்ந்து பக்கத்துக் கையைப் பிடிக்கவிடாமல் மறிக்கிறது. அதோடு நிற்பதில்லை. 2006இல் அட்லாண்டாவில் கோவால்சிக்கின் ஆய்வகம், நோயாளிகளின் எதிர்ப்புப் புரதத்தைத் தோல் செல்களில் விட்டு நேரத்தோடு பார்த்தது. டெஸ்மோக்ளீன் கொத்தாகக் கூடி, உள்ளே விழுங்கப்பட்டு, லைசோசோமுக்குப் போனது. டெஸ்மோசோம்கள் பிரிந்தன. மறித்தல், விழுங்கல் இரண்டில் எதன் பங்கு பெரிது என்பதில் விவாதம் தொடர்கிறது. பிற்பாடு, வளர்ப்புத் தட்டில் விழுங்கலைத் தடுத்தபோது செல்கள் பிடியை இழப்பது குறைந்தது என்று பார்த்தார்கள். எடுப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நீட்டினாலும் வரவு நிலைப்பதில்லை.

பக்கத்துக் கையை இழந்த செல்கள் உருண்டு, தனித்தனியாகக் கொப்புள நீரில் மிதக்கும். பின்னால் ஒருமுறை நுண்ணோக்கியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மேலே உருண்டைகள் மிதக்க, கீழே ஒரே ஒரு வரிசைச் செல்கள், இடையிடையே இடம்விட்டு, நிமிர்ந்து நின்றன. கல்லறைக் கற்களின் வரிசை என்று நோய்க்கூறியல் நூல்கள் அதைச் சொல்கின்றன. எனக்கு ஊர் எல்லையில் நிற்கும் நடுகற்கள் ஞாபகத்துக்கு வந்தன. பக்கத்துச் செல்லைப் பற்றிய கை போய்விட்டது, ஆனால் நிலத்தைப் பற்றும் கை இன்டெக்ரின். எதிர்ப்புப் புரதம் அதைத் தொடுவதில்லை. உறவெல்லாம் விட்டுப்போன பிறகும் அந்த அடிவரிசை நிலத்தை விடாமல் நிற்கிறது. தோலைப் புதிதாக வளர்க்கும் செல்கள் இருப்பதும் அந்த வரிசையில்தான்.

*

1950களில் ஸ்டீராய்டு வருவதற்குமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பஸ்ரிச்சா வகுத்து 1984இல் வெளியிட்ட முறை இந்தியாவெங்கும் பரவியது. மூன்று நாள் தொடர்ந்து 100 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் குளுக்கோஸில் கலந்து ஏறும். அதில் ஒருநாள் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். 28 நாளுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்வார்கள். அத்தைக்கும் அதுதான் நடந்தது. மாதத்துக்கு ஒருமுறை பையில் துண்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் படுத்து வருவாள். முதல் மாதம் இலை வாங்கினேன். மூன்றாவது மாதம் போர்வையில் படுத்தாள். “எலை வேணாம்யா, துணி ஒட்டல இப்ப” என்றாள்.

புண் ஆறிய இடங்களில் தழும்பு விழவில்லை. கறுப்புத் திட்டுகள் மட்டும் இருந்தன. அவையும் வருடத்தில் மங்கின. அது மருந்தின் தயவு மட்டுமல்ல. பிளவு விழுந்தது தோலின் மேலடுக்குக்குள், அடிவரிசை இடம்பெயரவில்லை. எதிர்ப்புப் புரதம் குறைந்ததும் அங்கிருந்து புதிய செல்கள் மேலேறி, கைகளை நீட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. அத்தை மறுபடி பூக்கட்டினாள். சீக்கிரத்தில் களைத்துப்போவாள், முப்பது முழம் என்பது பதினைந்தாகிவிட்டது. வாழைநாரை நனைக்கும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லி முடிக்க வேண்டும். வாயின் உள்சவ்வில் செல்களைப் பிடித்துவைக்கும் வேலையில் பெரும்பங்கு டெஸ்மோக்ளீன் 3ஐச் சேர்ந்தது. தோலில் அதன் உறவான டெஸ்மோக்ளீன் 1 துணைக்கு இருப்பதால் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கும். வாயில் அந்தத் துணை போதாது. அதனால்தான் பலருக்கு இந்த நோய் முதலில் வாயில் தெரிகிறது, முதுகில் கொப்புளம் எழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே. அத்தையின் நோய் தன் பெயரை அந்த ஆறு மாதமும் அவள் வாய்க்குள் எழுதி வைத்திருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், சத்து மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.